ஃபியூஸ் இடத்தில் ஒரு பல்பு: பழைய பைக்கில் ஷார்ட் தேடும் அனுபவம்

என்னுடையது பழைய 100 சிசி வண்டி. மொத்த வயரிங்குக்கும் ஒரே ஃபியூஸ், 10 ஆம்பியர். அது போனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட், பேட்டரியிலிருந்து இல்லாமல் எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டிலிருந்தே வருவதால் எஞ்சின் மட்டும் ஓடும். சில வருடங்களாக இதில் ஷார்ட் (கரண்ட் வயர் பாடியில் பட்டு, பல்பு, ஹாரன் வழியாகப் போகாமல் நேராகப் பாய்வது) தேட நான் பயன்படுத்துவது 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு நீள வயர். அவ்வளவுதான்.

ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இரு முனைகளில் பல்பைக் கொடுக்க வேண்டும். ஷார்ட் இருந்தால் பேட்டரியின் முழு வோல்டேஜும் பல்புக்கே கிடைத்துப் பளிச்சென்று எரியும். அப்போதும் வயரில் ஓடுவது 2 ஆம்பியருக்குள்தான். எதுவும் கருகாது, புது ஃபியூஸ்களும் வீணாகாது. பிறகு கப்ளர்களை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகள்) ஒவ்வொன்றாகப் பிரித்தால், எதைப் பிரிக்கும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது.

சாவி போடாமலே எரிந்தால் இன்னும் சுலபம்: ஃபியூஸுக்கும் சாவி ஸ்விட்சுக்கும் இடையில், அல்லது ரெகுலேட்டர் (பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) பக்கம் பார்த்தால் போதும்.

இரண்டு முனைகளுக்கு இடையே இணைப்பு இருந்தால் மல்டிமீட்டர் போடும் பீப் ஒலியை இந்த வேலையில் நான் நம்புவதில்லை. எரியாமல் குளிர்ந்திருக்கும் பல்பு இழையின் மின்தடை மிகக் குறைவு. 21 வாட் பல்புக்கு ஒரு ஓம்கூட இருக்காது. அதனால் நல்ல பிரேக் லைட் சர்க்யூட்டிலும் மீட்டர் ஷார்ட் போலவே கத்தும். மீட்டர்தான் வேண்டுமென்றால் அந்த லைனில் இருக்கும் பல்புகளை எல்லாம் முதலில் கழற்றிவிட வேண்டும்.

விட்டு விட்டு வரும் ஷார்ட்தான் உயிரை வாங்கும். என் வண்டியில் யூ-டர்ன் அடிக்கும்போது மட்டும் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார். பேட்டரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ! பல்பை டேங்க் மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். முழுக்க இடப்பக்கம் வந்ததும் மின்னியது. ஹேண்டில் கழுத்தருகே, சேஸில் உரசி உரசி ஒரு வயரின் தோல் போயிருந்தது. ஹாரனுக்குப் போகும் பாசிட்டிவ் வயர். ஹாரனைத் தாண்டி பட்டனுக்குப் போகும் வயர் அப்படி பாடியில் பட்டிருந்தால், என் வண்டியில் ஃபியூஸ் போயிருக்காது, ஹாரன்தான் தானாக அலறியிருக்கும்.

அடுத்தது பிரேக்கை மிதித்தால் மட்டும் வந்த ஷார்ட். ஸ்விட்சுக்கு அப்புறம்தான் கோளாறு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பின் மட்கார்டுக்கு அடியில் வயர் நசுங்கிக் கிடந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஷார்ட் இல்லாவிட்டாலும் ஏதாவது லோடு (கரண்ட் இழுக்கும் லைட், ஹாரன் மாதிரி) ஓடினால் டெஸ்ட் பல்பு கொஞ்சம் எரியும். ஏப்ரல் 2017-க்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. சாவி போட்டதுமே அது எரிகிற மாடல் என்றால் அதன் கப்ளரை முதலில் பிரித்துவிடுங்கள்.

சிலர் ஃபியூஸ் போகிறதே என்று 20 ஆம்பியர் போடுகிறார்கள், இல்லையென்றால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் கருகுவது வயரிங் செட் முழுவதும். சாதா இன்சுலேஷன் டேப்பும் டேங்குக்கு அடியில் சூட்டில் இளகிப் பிசுபிசுத்துவிடுகிறது. சரிசெய்த இடத்தில் இப்போது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, மேலே துணி டேப் சுற்றி, ஹேண்டில் திரும்பக் கொஞ்சம் வயரைத் தளர்வாகவே விட்டிருக்கிறேன்.