பப்மெட்: இலவசம்தான், ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்துப் போடுங்கள்

சுகாதார ஆய்வுக் குழுக்களின் சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்களுக்கு (ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) கட்டுரைகளைத் தேடித் தருவது என் வேலை. அதில் தினமும் புழங்குவது பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது; 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள் இப்படித் திறந்து கிடப்பதைப் பெரிய கொடையாகவே நினைக்கிறேன்.

‘ஹார்ட் அட்டாக்’ என்று அடித்தால், ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளுக்கு நூலகம் ஒட்டும் நிலையான பொருள் தலைப்பு) தானே சேர்த்துத் தேடும். மேற்கோள் குறியோ, சொல்லின் மிச்சம் எதுவானாலும் சரி என்று சொல்லும் நட்சத்திரக் குறியோ (*) போட்டால் இந்த உதவி சத்தமில்லாமல் நின்றுவிடும். அதனால் அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘டீட்டெய்ல்ஸ்’ திறந்து, கேட்டதை அது எப்படி எடுத்துக்கொண்டது என்று பார்க்காமல் எந்தத் தேடலையும் நான் அனுப்புவதில்லை.

முதியோர் தவறி விழுவதைப் பற்றித் தேடிப் பாருங்கள். ‘ஃபால்’ என்று அடித்து நட்சத்திரம் போட்டால் ஃபால்ஸ், ஃபாலிங், ஃபாலன் எல்லாம் வரும். அதே நான்கு ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் ஃபலோப்பியன் குழாயும், டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறும்கூட வரிசையில் வந்து நிற்கும். இதற்கு 2022-இல் நல்ல வழி வந்தது: இரண்டு சொற்களுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை சொல் இருக்கலாம் என்று நாமே சொல்லலாம், எது முன்னால் வந்தாலும் சரி. ஆனால் அதோடு நட்சத்திரம் சேராது. ஒவ்வொரு சொல்வடிவத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். கை வலிக்கும், ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்குப் பெரிய குறை, பக்கவாட்டில் இருக்கும் ‘ஹ்யூமன்ஸ்’ வடிகட்டி. அது மெஷ் தலைப்பை நம்பி நடக்கிறது. இப்போதுதான் வந்த கட்டுரை, மெஷ் தலைப்பு ஏறும் மெட்லைன் தொகுப்பில் சேராத இதழின் கட்டுரை என்று மெஷ் ஏறாத எல்லாம் அந்த ஒரு கிளிக்கில் போய்விடும். நோயாளிக்கான சிகிச்சையை முடிவு செய்யப் பயன்படும் ரிவ்யூவில் ஒரு நல்ல சோதனை இப்படி விடுபடுவதை என்னால் ஏற்க முடியாது. விலங்குகள் என்று மட்டும் குறிக்கப்பட்டவற்றை ‘நாட்’ (NOT) போட்டு விலக்குங்கள்; மெஷ் இல்லாதவை தப்பித்துவிடும்.

அப்புறம், ஒரு தடவைக்கு 10,000 பதிவுகளுக்கு மேல் இறக்க முடியாது. ஆண்டுவாரியாகப் பிரித்து எடுக்கலாம். பப்மெட் மட்டும் போதுமா என்று கேட்கும் குழுக்களிடம், எம்பேஸ், காக்ரேன் சென்ட்ரல் என்ற மற்ற இரண்டு மருத்துவத் தரவுத்தளங்களும் இல்லாமல் முடிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.