திருகோணமலையில் பெண்பிள்ளைகளுக்கான தற்காப்பு வகுப்பு: எட்டு வாரத்தில் என்ன கிடைக்கிறது?

நகருக்குள் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கும் வகுப்பு இது. வாரம் ஒன்றரை மணித்தியாலமாக எட்டு வாரம், மொத்தம் 12 மணித்தியாலம். வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள், கடைகளில் வேலை செய்பவர்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து பஸ் ஏறி வருபவர்கள் என்று கலந்த கூட்டம். சொல்லித்தருபவரும் பெண். சல்வாரோ அபாயாவோ, வழக்கமாக வெளியே போகும் உடுப்போடேயே பழகச் சொல்கிறார். நல்ல ஏற்பாடு. விளையாட்டு உடுப்பில் வடிவாக எழும்பும் முழங்கால் ஒடுக்கமான பாவாடையில் பாதியில் நின்றுவிடும்.

மணிக்கட்டுப் பிடியை விடுவிக்கும் பாடம்தான் இங்கே மிகத் திறமாக நடக்கிறது. பிடித்தவரின் பெருவிரல் நுனியும் மற்ற விரல் நுனிகளும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமான இடம். மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த இடைவெளிக்கு நேரே திருப்பி, ஒரு அடி கிட்டப் போய், முழங்கையை அவர் பக்கம் தள்ளி மடிக்கவேண்டும். கை கழன்றுவிடும். அநேகமானோர் பயத்தில் பின்னுக்குப் போகிறார்கள். கை நீண்டுவிடுகிறது, முழங்கையை மடிக்க இடமில்லை, பிறகு அவருடைய நாலு விரலோடும் கயிறிழுக்க வேண்டியதுதான்.

முட்டியால் குத்தாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ நாடியையோ அடிக்கப் பழக்குகிறார்கள். பழகாத முட்டி எலும்பில் பட்டால் சின்னவிரல் பக்கத்து எலும்பு முறியக்கூடும். தலைமுடியைப் பிடித்தால் அந்தக் கையை இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அமத்தவேண்டும். தலை இழுபடாமல் நின்றால்தான் திருப்பி அடிக்கலாம். அடித்த உடனே ஓடவேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் ஓடவைத்தே பழக்குவது மனதுக்குப் பிடித்தது.

குரல் பயிற்சிக்கு ஒரு முழு வகுப்பு, அதுவும் பஸ்ஸை வைத்து. நெரிசலில் ஒருவர் உரசினால் “அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்கு வாயில் வரும். யாருக்குச் சொல்கிறாள், ஏன் சொல்கிறாள் என்று பக்கத்தில் நிற்பவருக்கே விளங்காது. “நீலச் சேட்டு, கையை எடு!” என்றால் எல்லாத் தலையும் நீலச் சேட்டுப் பக்கம் திரும்பும், கொண்டக்டரும் பார்ப்பார். ஆளைக் காட்டு, செயலைச் சொல், கட்டளையாகச் சொல். முதல் நாள் சத்தம் வராமல் தொண்டை அடைக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தப் பார்ப்பதால். அடிக்கும்போதெல்லாம் சத்தத்தோடு மூச்சை விடச் சொல்லி இதைச் சரிப்படுத்துகிறார்கள்.

இனிக் குறைகள். விழுந்து பழகும் மெத்தை மெல்லியது. மல்லாக்க விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்க்க மறந்தால் பின்மண்டை அடிபடும், இரண்டு சென்ரிமீற்றர் றபர் அதைத் தாங்காது. சோடியாகப் பழகுபவர்கள் கடைசி வாரம் வரை மெதுவாகவே பிடிக்கிறார்கள். ஐந்தாம் வாரத்திலாவது இறுக்கிப் பிடிக்க விடவேண்டும். ஆறாம் வாரத்துக் கத்தி பறிக்கும் பாடத்தை முழுதாக எடுத்துவிடலாம். மரக்கத்தியால் ஒரு குத்து, பிறகு அசையாமல் நிற்கும் கை: நிஜத்தில் அந்தக் கை உடனே பின்னுக்குப் போய்த் திரும்பவும் வரும். கத்தியைக் காட்டிப் பையைக் கேட்டால் பையை எறிந்துவிட்டு ஓடவே சொல்லிக்கொடுக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, எட்டு வாரமும் எதிரி முன்பின் தெரியாதவராகவே வருவது. சொந்தக்காரர், ரியூசன் சேர், காதலிப்பவர், வேலையிடத்து மேலாளர், ஒருவரும் பாடத்தில் இல்லை. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் சார்லின் சென் குழுவினர் மாணவிகளிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட பயிற்சியும் இதே 12 மணித்தியாலம்தான். அதன் நான்கு பகுதிகளில் உடலால் எதிர்ப்பதற்கு ஒன்றே. மற்றவை தெரிந்த ஆண்களிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டியே கணிப்பது, தயக்கத்தை உடைப்பது, உறவில் தனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் தெளிந்துகொள்வது. ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பயிற்சி பெறாதவர்களிடையே 9.8 வீதம், பெற்றவர்களிடையே 5.2 வீதம். தெரிந்தவர் முகத்தில் அடிக்கக் கை எழும்பாது. அந்தத் தயக்கத்துக்குத்தான் இங்கே பயிற்சியே இல்லை.

சட்டத்தையும் தொடவில்லை. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. இவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

கைகளுக்காகவும் குரலுக்காகவும் தாராளமாகச் சேரலாம். சேரும் நாளிலேயே, ஆறாம் வாரத்தைத் தெரிந்தவர்களைப் பற்றிய பாடமாக மாற்றித் தரமுடியுமா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். பிள்ளைகளின் கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்பவர் அவர்.