வார்ஹோல் ஸ்கேட்போர்டு என்று 38,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்!

பார்சலைப் பிரித்த கோபம் இன்னும் ஆறவில்லை. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-ல் 32 கேன்வாஸில் வரைந்தாரே சூப் டின்கள், அந்தப் படம் அச்சிட்ட லிமிடெட் எடிஷன் ஸ்கேட்போர்டு, மூன்று பலகை ஒரு செட். கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் மாட்ட ஆசைப்பட்டேன். ஆத்தங்குடிக் கல் தரைக்கு மேலே அந்தச் சிவப்பும் வெள்ளையும் அவ்வளவு எடுப்பாக இருந்திருக்கும். கலைப்பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் 38,500 ரூபாய் கட்டினேன். வந்தது ஸ்டிக்கர் ஒட்டிய பிளைவுட்.

விற்றவன் வீடியோ காலில் வந்தான். காரைக்குடிப் பக்கம் என்றதுமே, "எங்க அப்பத்தா ஊரு தேவகோட்டைண்ணே, உங்ககிட்டப் போயி ஏமாத்துவேனா?" என்றான். பலகையின் விளிம்பைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். அசல் ஸ்கேட்போர்டில் இருக்கும் மேப்பிள் மரத்தின் ஏழு அடுக்கும் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் எண். "150-ல 27-ஆவதுண்ணே, இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு." ஊர்ப் பாசத்தைக் காட்டித்தான் முழுப் பணத்தையும் வாங்கினான்.

வந்த பலகையின் விளிம்பில் கறுப்புப் பெயின்ட். சுரண்டினால் சாதா பிளைவுட். சக்கரம் மாட்டும் ஓட்டைகளையும் மூடி ஸ்டிக்கர், நகம் பட்டதும் உரிகிறது. சான்றிதழில் வார்ஹோல் கைப்படப் போட்ட கையெழுத்தாம்! மனிதர் 1987-லேயே இறந்துவிட்டார். இந்தப் பலகைகளெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து, அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையிடம் உரிமம் வாங்கி அச்சிடுபவை.

போன் போட்டால் முதலில், "வெளிச்சத்துல அப்படித் தெரியும்ணே." அப்புறம், "பேக்கிங்ல மாறியிருக்கும், கேட்டுச் சொல்றேன்." கடைசியில், "லிமிடெட் எடிஷனுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்." அதோடு பிளாக். 38,500 ரூபாய்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கினால் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து வாங்கலாம். கடை மறுநாளும் அங்கேயே இருக்கும்.

விளக்கமாக எழுத இப்போது பொறுமையில்லை. முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். சான்றிதழிலும் பலகையிலும் ஒரே எண்தானா என்று போட்டோ கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் அடியுங்கள், நானும் புகார் கொடுத்துவிட்டேன்.

தம்பி போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே 27-ஆம் எண் பலகை மறுபடியும் விற்பனைக்கு இருக்கிறது.