ஒற்றையடிப் பாதையும் வானத்துக் கோடும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் காலிமனையின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. யாரும் போட்டதில்லை. பால் வாங்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து நடந்து விழுந்த தடம். மிதிபட்ட மண் இறுகிப்போனதால் வேர் இறங்க வழியில்லை. இரண்டு பக்கமும் நெருஞ்சி, நடுவே ஒரு முழ அகலத்துக்கு வழவழவென்று மண்.

மொட்டைமாடியில் அண்ணாந்து பார்த்தால் இன்னொரு தடம்: விமானம் விட்டுப்போன வெள்ளைக் கோடு. புகை என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது பனித்துகள். எஞ்சினிலிருந்து வரும் நீராவி, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 40 டிகிரிக்கும் கீழான குளிரில் உறைந்து கோடாகிறது. மீனம்பாக்கத்தில் இறங்கத் தாழப் பறக்கும் விமானம் கோடு போடாததற்கு இதுதான் காரணம். கீழ்க்காற்றில் அந்தக் குளிர் இல்லை. மேல்காற்று வறண்டிருந்தால் கோடு சட்டென்று மறையும். ஈரமாக இருந்தால் அகன்று, மேகமாகவே பரவி நிற்கும். தலைக்கு மேலே எவ்வளவு ஈரம் என்று காட்டுவதில் பாதை அதற்கு ஈடாகாது.

சரி, இரண்டில் எது தடம்? எனக்குப் பாதைதான். கோட்டுக்கு ஒரே விமானம் போதும். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருவதில்லை. பாதைக்கு ஊரே நடக்க வேண்டும், அப்புறம் புதிதாக வருகிறவருக்கும் அது வழி சொல்லும். மழைக்காலத்தில் நாலு நாள் ஆள் நடமாட்டம் குறைந்தால் ஓரத்துப் புல் உள்ளே எட்டிப் பார்க்கிறது. கால்கள் திரும்பி வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறது.