பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்ய: ஃப்ளாட்பெட்டா, கேமரா ஸ்டாண்டா, ஏஜென்சியா?

ஊர் நூலகத்திலோ சங்கத்திலோ ஓராயிரம் பழைய புத்தகங்களும் இதழ்களும் கிடக்கின்றன, எல்லாவற்றையும் மின்னாக்கம் செய்துவிடலாம் என்று பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி "எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அதற்கு முன் கேட்க வேண்டியது, பட்டியல் போடுவதும் ஸ்கேனைப் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பதும் யார்? செலவும் தாமதமும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஃப்ளாட்பெட்டை, அதாவது தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் சாதாரண ஸ்கேனரை, சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். கடிதம், புகைப்படம், அழைப்பிதழ், துண்டறிக்கை மாதிரி தனித்தாள்களுக்கு அதை அடிக்க ஆளில்லை. பைண்டு செய்த புத்தகத்துக்கு வேண்டாம். கவிழ்த்து அழுத்தினால்தான் பக்கம் படியும், அமிலம் ஏறிப் பழுப்பான தாள் மடிப்பிலேயே ஒடியும். பக்கத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 200 பக்கத்துக்கு 100 நிமிடம் ஆகிறது.

நிஜமான போட்டி கேமரா ஸ்டாண்டுக்கும், பணம் வாங்கிக்கொண்டு ஸ்கேன் செய்து தரும் ஏஜென்சிக்கும் இடையில்தான். ஸ்டாண்டு என்றால் மேலே கேமரா, கீழே புத்தகத்தை முழுசாக விரிக்காமல் தாங்கும் V வடிவத் தொட்டில் அல்லது கறுப்புத் துணி விரித்த பலகை, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு, அவ்வளவுதான். 24 மெகாபிக்சல் கேமரா படத்தின் நீளம் 6000 பிக்சல். பலகையில் விரித்த புத்தகம் ஏ4 அளவு, அதாவது நீளவாக்கில் 11.7 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 500 புள்ளிக்குக் கிட்டத்தட்ட கிடைக்கிறது, வழக்கமாகக் கேட்கும் 300, 400-ஐத் தாண்டியே. அதே கேமராவில் 22 அங்குல நாளிதழ்ப் பக்கத்தைப் பிடித்தால் 270-க்கு இறங்கிவிடும், பொடி எழுத்து வரி விளம்பரங்கள் அடிவாங்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், காலையில் எடுத்த பக்கமும் மாலையில் எடுத்த பக்கமும் வேறு வேறு புத்தகம் மாதிரி இருக்கும். ஒருவர் பக்கம் புரட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க என்று இரண்டு பேர் வேண்டும். வேகம் சுமார்தான், ஆனால் புத்தகம் கட்டடத்தை விட்டு வெளியே போகாது, விட்டுப்போன பக்கத்தை அங்கேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஏஜென்சி பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லும்போது மலிவாகத்தான் தெரியும். தூசி தட்டுவது, பட்டியல், போக்குவரத்து, திரும்பி வந்ததும் எண்ணிப் பார்ப்பது, இதெல்லாம் பெரும்பாலும் அந்த விலையில் சேராது. சில இடங்களில் வேகத்துக்காக முதுகை வெட்டித் தாள்களைத் தானியங்கி ஸ்கேனரில் விடுவார்கள், அதனால் "பைண்டிங்கை வெட்டக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அட்டை, விளம்பரம், வெற்றுப் பக்கம் உட்பட எல்லாம் வேண்டும் என்றும் எழுதுங்கள். பழைய இதழில் பல்பொடி, கிராமபோன் தட்டு விளம்பரங்களுக்காகவே வரும் ஆய்வாளர்கள் உண்டு, அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அந்தப் பக்கங்கள்தான். முதலில் ஒரு சின்னக் கட்டு மட்டும் கொடுத்து, சரிபார்த்த பிறகு பணம், அப்புறம் அடுத்த கட்டு.

எந்த வழியில் போனாலும் மூலப் படங்களை டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள், பிடிஎஃப் மட்டும் போதாது. ஏ4 பக்கம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில், சுருக்காமல், சுமார் 26 எம்பி. லட்சம் பக்கத்துக்கு 2.6 டெராபைட், இன்னொரு ஊரில் ஒரு பிரதி என்றால் அதில் இரண்டு மடங்கு. இந்த ஹார்ட் டிஸ்க் செலவைப் பட்ஜெட்டில் போட மறந்தவர்கள் நிறைய.

எழுத்தாக்கம், அதாவது பக்கத்தைப் படமாக இல்லாமல் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது, தனி வழக்கு. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களைத் தந்தது, தேடலாம், வெட்டி ஒட்டலாம். 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே ஆவணப்படுத்தியது, அதனால் சிறு சஞ்சிகைகளும் மலர்களும்கூட ஏராளமாக உள்ளே வந்தன. ஆள்பலம் குறைந்த இடத்துக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவரும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் கூகுள் ஓசிஆர் இன்றைய அச்சை நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை போட்டுத் தலைக்கு மேல் வளைந்திருக்கும், றா, னா வேறு உருவத்தில் இருக்கும், அங்கே தடுமாறும். ஆகவே எழுத்தாக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓராயிரம் புத்தகம்வரை, அதுவும் நொறுங்கும் நிலையில் இருந்தால், சொந்த ஸ்டாண்டுதான் என் தேர்வு. கெட்டியான தாளில், ஒரே அளவில், பல ஆண்டு இதழ்கள் கட்டுக் கட்டாக இருந்து, சரிபார்க்க உங்கள் பக்கம் ஒருவர் முழுநேரமாக உட்கார முடியுமானால் ஏஜென்சிக்குக் கொடுங்கள். அந்த ஒருவர் இல்லையென்றால் பட்டியலை மட்டும் இந்த வருடம் முடியுங்கள்: தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, தாளின் நிலை, ஆசிரியர் இறந்த ஆண்டு. கடைசியாகச் சொன்ன இறந்த ஆண்டை விட்டுவிடாதீர்கள், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டினால்தான் காப்புரிமை முடியும், எதை இணையத்தில் ஏற்றலாம் என்பது அதை வைத்துத்தான் தெரியும்.