ஆள் பிடித்தல், வாடகை வசூல், முழு நிர்வாகம்: லெட்டிங் ஏஜென்டின் பொறுப்பு எதில் எவ்வளவு?

இங்கிலாந்தில் உங்கள் வீட்டை வாடகைக்கு விட லெட்டிங் ஏஜென்டிடம், அதாவது வாடகைத் தரகரிடம், போனால் மூன்று விதமாகக் கட்டணம் சொல்வார்: குடியிருக்க ஆள் பிடித்துத் தருவது மட்டும், அதோடு மாத வாடகை வசூல், அல்லது முழு நிர்வாகம். கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். தவறு நடந்தால் அபராதக் கடிதம் யார் பெயருக்கு வரும் என்று கேளுங்கள்.

ஆள் பிடிப்பது மட்டும் என்றால், சாவியைக் கொடுத்ததோடு ஏஜென்ட் விலகிவிடுவார். ஆண்டுதோறும் கேஸ் சோதனை, 5 ஆண்டுக்கொரு மின்சாரச் சோதனை, தளத்துக்கு ஒரு புகை அலாரம் எல்லாம் உங்கள் தலையில். அதிகம் சறுக்குவது டெபாசிட்டில்தான். பணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் பாதுகாத்து, அதற்கான விவரத்தாளையும் குடியிருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஏஜென்ட் பதிவார் என்று நீங்களும், நீங்கள் பதிவீர்கள் என்று ஏஜென்டும் இருந்துவிட்டால், டெபாசிட்டுக்கு மேல் இன்னும் 1 முதல் 3 மடங்கு வரை தண்டம். ஏஜென்டும் இதற்குப் பொறுப்பாகலாம் என்று 2010-இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக உங்களை யாரும் விட்டுவிடப் போவதில்லை.

ஆளை ஏமாற்றுவது நடுவிலுள்ள வாடகை வசூல். "வெறும் வசூல்தானே" என்பார்கள். வாடகை தன் கைவழி போகிற ஏஜென்ட் 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கண்ணில் 'நிர்வகிப்பவர்'. ஒரே குடும்பமல்லாத 5 பேர் சமையலறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் இல்லாவிட்டால், உள்ளூர் கவுன்சில் அந்த ஏஜென்ட் மீதும் கை வைக்கலாம். ஆனால் குடியிருப்பவருக்கு வாடகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு வீட்டுக்காரர் மீதுதான் வரும். ஜனவரியில் பாய்லர் நின்றாலும், பழுதுபார்க்கும் கடமை உங்களுடையதே.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வசூலில் ஒரு லாபம் உண்டு. வரித்துறையான எச்எம்ஆர்சி விலக்கு தராத வரை, வாடகையில் அடிப்படை விகித வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் ஏஜென்ட். அவர் நடுவில் இல்லையென்றால், வாரம் 100 பவுண்டுக்கு மேல் நேரே உங்களுக்கு அனுப்பும் குடியிருப்பவர் பிடிக்க வேண்டும். பாவம், அவருக்கு இது தெரிந்திருக்காது.

முழு நிர்வாகத்தில் வேலை கைமாறும். சட்டக் கடமை பெரும்பாலும் மாறாது. குடிவருபவருக்கு நாட்டில் வாடகைக்கு இருக்கச் சட்ட உரிமை உண்டா என்று பார்க்கும் குடியேற்ற உரிமைச் சோதனை விதிவிலக்கு: ஏஜென்ட் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அபராதம் அவருக்கே, முதல் தடவையே ஆளுக்கு 10,000 பவுண்டு வரை. வாய்ப்பேச்சு செல்லாது. கேஸ் சோதனைக்கு யார் நாள் குறிப்பது, எத்தனை பவுண்டு வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அருகிலேயே வசித்து, தேதிகளை மறக்காதவருக்கு முதல் வழி போதும். கடல் கடந்திருப்பவர் முழு நிர்வாகத்துக்கே போகலாம். எதுவானாலும், ஏஜென்ட் கையிலுள்ள உங்கள் பணத்துக்குக் காப்பான வாடிக்கையாளர் பணப் பாதுகாப்புத் திட்டச் சான்றிதழைப் பார்க்காமல் ஏஜென்ட் கையில் ஒரு பவுண்டும் போகக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.