உள்ளூர்க் கல்லூரியா, வெளியூர் ஹாஸ்டலா? எட்டு லட்சம் பேர் ஒன்றாகப் பாஸான வருஷத்தில் நாங்கள் போட்ட கணக்கு

2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 என்று கணக்கிட்டு ஜூலை 19-ஆம் தேதி ரிசல்ட் விட்டார்கள். எட்டு லட்சத்துப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் பாஸ். அதில் என் மகளும் ஒருத்தி. வேறு வருஷமாக இருந்தால் ஒரு பகுதிப் பிள்ளைகள் துணைத்தேர்வு எழுதிவிட்டுப் பின்னால் வருவார்கள், சிலர் ஐடிஐ பக்கம் போவார்கள். அந்த வருஷம் அத்தனை பேரும் நல்ல மார்க்கோடு ஒரே நேரத்தில் கல்லூரி வாசலுக்கு வந்தார்கள், கூட்டத்தைப் பார்த்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் இடங்களைக் கூட்டவும் செய்தார்கள்.

நான் காரைக்குடி பக்கத்துப் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன். மகளுக்கு வேதியியல்தான் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எங்கே படிப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இப்போதும் இதையே கேட்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். நான் உள்ளூர் பக்கம்தான் சாய்வேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று இன்ஜினியரிங். இரண்டு, மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படிப்பது. மூன்று, காரைக்குடி சுற்றுவட்டாரத்திலேயே ஒரு அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி.

இன்ஜினியரிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த வருஷமும் நெரிசல் கலை அறிவியல் பக்கம்தான், பொறியியல் கவுன்சலிங் முடிந்தபோது ஏராளமான இடங்கள் காலியாகவே நின்றன. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடும் அந்த வருஷம்தான் பொறியியலுக்கு வந்தது, அதில் சேருபவர்களுக்குக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். அப்படி இடம் கிடைத்தால், அதுவும் வள்ளல் அழகப்ப செட்டியார் 1952-ல் ஆரம்பித்த நம்மூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் கிடைத்தால், யோசிக்கவே வேண்டியதில்லை. காரைக்குடியில் இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை: சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவன வளாகத்துக்குள்ளேயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு பி.டெக். படிப்பு, தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் வழியாகத்தான் சேர்க்கை. வேதியியலில் ஆசையும் கட்-ஆஃபும் சேர்ந்து இருக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. என் மகளுக்குக் கணக்கில் அவ்வளவு பிடிப்பு கிடையாது, அதனால் அந்தக் கதவை நாங்கள் தட்டவில்லை. இன்ஜினியரிங் பற்றி இதற்கு மேல் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

அடுத்து வெளியூர் ஹாஸ்டல். அதன் நல்லதை மறைக்க மாட்டேன். பாடத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் கொஞ்சம் புதிதாக இருக்கும். நூலகம் பெரிது. பல ஊர்ப் பிள்ளைகளோடு பழகுவதில் ஆங்கிலம் தானாக வரும், கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரும். என் தங்கை மகள் அப்படி ஓர் இடத்தில்தான் பி.காம். படித்தாள், மூன்றாம் வருஷம் முடிவதற்குள் வேலை கையில் இருந்தது. பி.காம்., பி.சி.ஏ. மாதிரி, பட்டம் வாங்கியதும் நேராக வேலைக்குப் போகிற படிப்பென்றால் ஹாஸ்டல் செலவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவது உள்ளூர். நம் பக்கத்தில் கல்லூரிக்குப் பஞ்சமே கிடையாது. 1947-ல் சென்னையில் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் தொடங்க வாருங்கள் என்று கேட்டதற்கு அந்த இடத்திலேயே சரி சொல்லி அழகப்பர் ஆரம்பித்த கலைக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி, தேவகோட்டையில் சேவுகன் அண்ணாமலை கல்லூரி, ஆனந்தா கல்லூரி, திருப்பத்தூரில் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி, மேலைச்சிவபுரியில் கணேசர் கல்லூரி, காரைக்குடியிலேயே உமையாள் இராமநாதன் மகளிர் கல்லூரி. இத்தனையும் ஒரு பஸ் தூரத்தில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரசு உதவி பெறும் கல்லூரி என்றாலே கட்டணம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் இருக்கும், அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவும் இருக்கும், ஒரே பாடம் இரண்டிலும் இருக்கலாம், கட்டணம் மட்டும் வேறு. கூட்டம் அதிகமாக வரும் வருஷத்தில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் சுயநிதி இடம்தான். விண்ணப்பம் வாங்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டு, அதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே கல்விக் கட்டணமே கிடையாது, மற்ற சில்லறைக் கட்டணங்கள் மட்டும்தான். ஆனால் இடம் தரவரிசைப் பட்டியல்படிதான். மொழிப் பாடம் நீங்கலாக மற்ற நாலு பாடத்தின் மொத்தம் 400-க்கு எவ்வளவு என்று பார்த்துப் பட்டியல் போடுவார்கள், தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் எடுப்பவர்களுக்கு மட்டும் அந்தந்த மொழி மார்க். முதல் கட்டத்தில் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், இன்ஜினியரிங், நர்சிங் என்று பிள்ளைகள் நகர நகர இடம் விழுந்துகொண்டே இருக்கும்.

உள்ளூரின் குறைகளையும் சொல்ல வேண்டும். இடத்தைக் கூட்டுவது ஒரு உத்தரவில் முடிந்துவிடும், லேப் மேசையும் ஆசிரியரும் ஓர் உத்தரவில் வருவதில்லை. பல அரசுக் கல்லூரிகள் நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன, அவர்களும் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். என் மகள் வகுப்பில் பிராக்டிகலுக்கு இரண்டு பேட்சாகப் பிரித்தும் கூட்டம் குறையவில்லை. இந்தப் பிள்ளைகளின் நிலைமையையும் பாருங்கள். 2020 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசி நாள் பரீட்சையே வேதியியல், ஊரடங்கால் அது நடக்கவில்லை. அடுத்த வருஷம் பன்னிரண்டிலும் எழுத்துத் தேர்வு இல்லை. ஆக, வேதியியலில் ஒரு பொதுத்தேர்வு கூட எழுதாமல் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு வந்த செட் இது. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூட லேபில் அவர்கள் நின்றதே சில மாதங்கள்தான். திரவம் அளக்கிற பிப்பெட் குழாயைப் பிடிக்கக் கை நடுங்குகிறது என்று முதல் செமஸ்டரில் வந்து சொன்னாள். இப்படிப்பட்ட செட்டுக்கு லேப் நேரம் குறைவது பெரிய நஷ்டம், அதை நான் சின்னதாகக் காட்டப் பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் விசாரித்த வெளியூர்க் கல்லூரிகளிலும் அந்த வருஷம் கூடுதல் செக்‌ஷன் போட்டிருந்தார்கள். கூட்டம் எங்கே போனாலும் இருந்தது.

பெரும்பாலானவர்கள் கட்டணத்தையும் கட்டடத்தையும் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று: மூன்றாம் வருஷக் கடைசியில் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

ஒன்றாக உள்ளே போன கூட்டம் ஒன்றாகத்தான் வெளியே வரும். 2021-ல் சேர்ந்தவர்கள் 2024-ல் பட்டத்தோடு நின்றார்கள். கல்லூரி இடங்களைக் கூட்டியதுபோல எம்.எஸ்ஸி. இடத்தை யாரும் அந்த அளவுக்குக் கூட்டவில்லை. பி.எட். போகிறவர்கள், டிஎன்பிஎஸ்ஸி, வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் அதே வரிசைதான். அப்போது வெறும் பி.எஸ்ஸி. பட்டம் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது அடுத்த படி, அந்த அடுத்த படிக்குக் காசு வேண்டும், தெம்பு வேண்டும், வீட்டில் கடன் இல்லாமல் இருக்க வேண்டும். அறிவியல் பாடம் எடுக்கிற பிள்ளைக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும், ஏனென்றால் பி.எஸ்ஸி. வேதியியலோடு நின்றுவிட்டால் கிடைக்கிற வேலை குறைவு, எம்.எஸ்ஸி.தான் கணக்கில் வரும்.

நாங்கள் பார்த்த ஹாஸ்டல் கல்லூரியில் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்து வருஷத்துக்கு லட்சத்தைத் தாண்டியது. மெஸ் பில் தனி. மாசம் ஒருமுறை ஊருக்கு வர, போக என்று கைச்செலவு தனி. வீட்டுக்காரர் நல்ல சம்பளம் வாங்குகிற குடும்பத்துக்கு இது ஒன்றுமில்லை. எங்களுக்கு அது கல்விக்கடன். கடன் வாங்கிப் படித்த பிள்ளை மூன்றாம் வருஷம் முடிந்ததும் கிடைத்த வேலைக்குத்தான் போகும், எம்.எஸ்ஸி. என்று வாயெடுக்கவே தயங்கும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பையன், நன்றாகப் படிக்கிறவன், பட்டம் வாங்கிய கையோடு ஒரு செல்போன் கடையில் நிற்கிறான். அவன் மேல் ஒரு குறையும் இல்லை. மேலே படிக்க வைத்திருந்த பணம் முழுவதும் முதல் மூன்று வருஷத்திலேயே கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.

உள்ளூரில் எங்களுக்கு ஆனது என்ன? பஸ் செலவு இல்லை, 2021 மே மாதத்திலிருந்தே சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சாப்பாடு வீட்டில். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய், ஏற்கெனவே கல்லூரியில் இருந்தவர்களுக்கும் சேர்த்து. இது வெளியூரில் படித்திருந்தாலும் வந்திருக்கும், அதனால் உள்ளூருக்கென்று தனி லாபமாகச் சொல்லவில்லை. ஆனால் வெளியூரில் அது மெஸ் பில்லில் போயிருக்கும். இங்கே அவள் பெயரில் கணக்கில் நின்றது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அதே மாதிரித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது.

ஹாஸ்டலுக்குக் கட்டியிருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை மாசாமாசம் அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டேன். மூன்றாம் வருஷம் நுழைவுத் தேர்வுக்கான புத்தகம், ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்ஸி. சேர இப்போது கியூட் தேர்வு எழுத வேண்டும், ஐஐடிகளுக்கு ஜாம். ஆங்கிலம்தான் அவளுக்குத் தடையாக இருந்தது, அதற்கும் ஒரு டீச்சரிடம் தனியாக அனுப்பினோம். லேபில் குறைந்ததை ஈடுகட்ட லீவு நாட்களில் துறைப் பேராசிரியர் ஒருவர் விருப்பப்பட்ட பிள்ளைகளை வரச்சொல்லிச் செய்ய வைத்தார், பக்கத்தில் இருந்ததால்தான் அவளால் போக முடிந்தது. சிக்ரியில் செப்டம்பர் மாதம் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்துவிடும் நாள் உண்டு, அங்கே பேட்டரி, உலோக அரிப்பு ஆராய்ச்சியெல்லாம் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மின்வேதியியல் பக்கம் அவள் மனசு திரும்பியது. 2024-ல் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. கிடைத்தது. அப்போது ஹாஸ்டலுக்குப் பணம் கட்டினேன், கடன் வாங்காமல் கட்டினேன். காரைக்குடியிலிருந்து திருவாரூருக்கு நேர் ரயில் இருப்பதும் ஒரு சௌகரியம்.

வெளியூர்க் கல்லூரியில் படித்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருப்பாளா? வந்திருக்கலாம். ஒரே பிள்ளையை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தவிர அந்த செட்டுக்குக் கிடைத்த ஹாஸ்டல் வாழ்க்கையே அரைகுறைதான், முதலாண்டு வகுப்பு அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரியில் மறுபடி மூடினார்கள், செமஸ்டர் பரீட்சையே ஆன்லைனில் போனது. அதனால் அந்த வருஷத்தை மட்டும் வைத்து ஹாஸ்டலை எடைபோடுவது நியாயமில்லை. வீட்டில் படிக்கத் தனி இடமோ அமைதியோ இல்லாத பிள்ளைக்கு, வீட்டு வேலை முழுக்கத் தலையில் விழுகிற பெண் பிள்ளைக்கு, கஷ்டப்பட்டாவது ஹாஸ்டலில் சேர்க்கத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் கல்லூரி நாளில் அவளை அடுப்படிக்குக் கூப்பிடுவதில்லை என்று அவள் அம்மா முதல் நாளே முடிவு செய்துவிட்டாள், அது இல்லாமல் உள்ளூர்க் கணக்கு பலித்திருக்காது.

உள்ளூர் என்று முடிவு செய்தால் சேருவதற்கு முன் இரண்டு விஷயம் நேரில் போய்க் கேளுங்கள். அந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், பிராக்டிகலுக்கு ஒரு பேட்சில் எத்தனை பேர். சீனியர் பிள்ளைகளிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். அப்புறம் ஷிப்ட் முறை இருக்கிற கல்லூரி என்றால் காலையா மாலையா என்று பாருங்கள். மாலை ஷிப்டில் பிராக்டிகல் முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு உங்கள் ஊருக்கு டவுன் பஸ் உண்டா என்று கண்டக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.